டோரதிக்கா போட்ட புது வெர்ஷன்

டோரதிக்கு நாற்பத்து மூன்று வயது. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் வீடு. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வேகத்தைக் கூட்டினால் நின்றுபோகிற ஒரு மின்விசிறி. அங்கே உட்கார்ந்துகொண்டுதான் அவள் தினமும் நானூறு டிரெய்லர்களை வரிசையில் நிற்க வைக்கிறாள். அவளுக்கு டிரெய்லர் ஓட்டத் தெரியாது. அவள் ஓட்டினால் ஸ்கூட்டியே நேராகப் போகாது என்று புருஷன் ஆண்ட்ரூ சொல்வான். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிற அவன் கண்ணுக்குத் தண்டவாளத்தில் போகாத எதுவுமே கோணலாகத்தான் தெரியும். அதனால் அந்தப் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப்போகிற வண்டிகள் முன்பெல்லாம் எண்ணூர் ரோட்டிலேயே நாள்கணக்கில் நின்றன. டிரைவர்கள் வண்டிக்குக் கீழேயே சமைத்து, அங்கேயே துணி காயப்போட்டு, ஒரு அடி நகர்வதற்கு ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு வண்டிக்காரர்கள் கூட்டமைப்பு ஒன்று வைத்து, கடலை ஒட்டி ஒரு யார்டு பிடித்து, வண்டிகளை அங்கே நிறுத்தி ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். இப்போது வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எண் மட்டும் முன்னால் நகரும். தினமும் காலை ஏழு மணிக்கு முதல் நூற்றைம்பது எண்களின் பட்டியல் துறைமுக வாசலுக்குப் போய்விடும். போனபின் அன்று முழுக்க யாராலும் எதையும் மாற்ற முடியாது.

அந்த எண்கள் எல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருக்கின்றன. ஒரு வண்டிக்கு ஒரு வரி. வண்டியின் பதிவெண், டிரைவர் பெயர், வரிசையில் எத்தனையாவது இடம். அந்த டேட்டாபேஸின் வாசலில் உட்கார்ந்திருப்பதுதான் டோரதியின் சர்வர். டிரைவரின் போன் "என் இடம் எத்தனை" என்று கேட்டால் உள்ளே போய்ப் பார்த்துவந்து சொல்லும். யார்டு கிளார்க் சுப்பராயனின் டேப்லெட் "இந்த வண்டி புறப்பட்டாச்சு" என்று சொன்னால் உள்ளே போய்த் திருத்திவிட்டு வரும். இதற்கு ஏ.பி.ஐ. சர்வர் என்று பெயர். டிரைவர்கள் அந்தப் பெயரைச் சீந்துவதில்லை. அவர்களுக்கு அது டோரதிக்கா மிசினு.

மணலியில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தவள் அவள். ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் அங்கே கொண்டுபோய் விட்டது. மிச்சத்தை எல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து போனிலேயே படித்தாள். கூட்டமைப்பு ஒரு பெரிய கம்பெனியிடம் விலை கேட்டு மலைத்துப்போய் நின்றபோது, "நானே செஞ்சு தர்றேன்" என்று சொன்னாள். சொன்னபின் நான்கு நாள் காய்ச்சலில் படுத்தாள். ஆனாலும் செய்துகொடுத்தாள். இந்த ஊர்க்காரர்களின் தைரியமெல்லாம் இப்படித்தான், சொல்லிவிட்டுத்தான் பயப்படுவார்கள்.

அவளுடைய பயத்துக்கு ஒரு காரணமும் உண்டு. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட உட்காரும் அவசரத்தில், ஒரு வண்டியை வரிசையிலிருந்து எடுக்கத் தன் கையாலேயே ஒரு கட்டளை எழுதினாள். எடு என்று எழுதினாள். எந்த வண்டியை என்று எழுத மறந்துவிட்டாள். கம்ப்யூட்டர் அதைத் திருப்பிக் கேட்கவா போகிறது? முந்நூற்று எழுபது வண்டிகளையும் வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, முடிந்தது என்று பணிவாகச் சொல்லிவிட்டது. முந்தின நாள் நகல் ஒன்று இருந்தது. ஆனால் அன்றைய வரிசை போனது போனதுதான்.

நாலாவது இடத்தில் நின்ற சுடலைராஜ் அன்று இருநூறுக்குப் பின்னால் போய்விட்டான். தூத்துக்குடியில் அவன் தங்கைக்குக் கல்யாணம். அவன் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடித்து, பந்தியும் முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் ஆபீஸ் படியேறி வந்தவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு டப்பா மக்ரூனை மேசையில் வைத்து, "கல்யாணத்துப் பலகாரம்க்கா, சாப்பிடுங்க" என்றான். திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அன்றிலிருந்து டேட்டாபேஸில் கை வைக்கும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். கையால் கட்டளை எழுதுவதை அடியோடு விட்டாள். "எங்கம்மாவுக்குக்கூட நீ இப்டி பயந்ததில்ல" என்று ஆண்ட்ரூ சொல்வான். அது உண்மைதான்.

இந்த வருடம் மே மாதம் அந்த சர்வர் மென்பொருளுக்குப் புது வெர்ஷன் வந்தது. அதை எழுதுகிறவர்கள் எங்கெங்கோ இருப்பவர்கள். டோரதி ஒருவரையும் பார்த்ததில்லை. என்னென்ன புதிது, என்னென்ன மாற்றம் என்று நான்கு பக்கப் பட்டியல் போட்டிருந்தார்கள். கீழே ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் படித்துக்கொண்டே போனாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு சின்னப் பத்தி இருந்தது. ஒரு மாற்றத்தைச் செய்யச் சொல்லும்போது, அதிகபட்சம் எத்தனை வரியைத் தொடலாம் என்றும் கூடவே சொல்லி அனுப்பலாம். அதற்கு மேல் ஒரு வரி கூடினாலும் சர்வர் எதையும் தொடாமல் மறுத்துவிடும்.

அதை மூன்று தடவை படித்தாள். படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். பக்கத்து சீட்டு அம்மா பதறிப்போய், "இன்னாம்மா, வூட்ல எதுனா பேஜாரா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. நல்ல சேதி."

ஒரு வரி. அதற்கு மேல் தொடாதே. இந்த ஒன்று அன்று இருந்திருந்தால் சுடலைராஜ் தங்கையின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்திருப்பான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புது வெர்ஷனை ஏற்றினாள். சுப்பராயனின் டேப்லெட்டில் இருந்து போகிற எல்லா மாற்றங்களுக்கும், ஒரு வரிக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு போட்டாள். மறுக்கும்போது காட்டவேண்டிய செய்தியையும் தானே தமிழில் எழுதினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. முப்பத்தோரு வேலைகள் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தாள். முப்பத்தொன்றும் சரியாக நடந்தன.

பிறகு யார்டுக்குப் போய், டீக்கடைச் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் எழுதினாள். இது அவளுடைய வழக்கம். போனில் அனுப்பினால் டிரைவர்கள் படிக்க மாட்டார்கள். டீ குடிக்கும்போது எதிரில் இருந்தால் படித்தே ஆகவேண்டும். வண்டி நம்பரைத் தப்பாக அடித்தால் இனிமேல் "நீங்கள் சொல்வது இதுவா" என்று சரியான நம்பரை எடுத்துக் காட்டும் என்று எழுதினாள். புதுசாகத் தகவல் சேர்த்தால் மிசினை நிறுத்தி மறுபடி ஓட்டவேண்டியதில்லை என்று எழுதினாள். கடைசியாகக் கொட்டை எழுத்தில், ஒரு தடவைக்கு ஒரு வண்டியின் இடம்தான் மாறும், தவறி எல்லார் இடமும் இனி மாறாது என்று எழுதிக் கீழே கோடு போட்டாள்.

"தப்பா சொன்னா இதுவான்னு கேக்குமா?" என்று ஒருவன் சிரித்தான். "நம்ம வூட்ல தப்பா சொன்னா ஒரு மாசத்துக்குப் பேச்சே கெடையாது. மிசினு எவ்ளோ தேவல."

எல்லோரும் சிரித்தார்கள். டோரதியும் சிரித்துக்கொண்டே சாக்பீஸ் கையைப் புடவையில் துடைத்தாள். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தோள் லேசாக இருந்தது.

ஆனால் முப்பத்திரண்டாவதாக ஒரு வேலை இருந்தது. அது எந்தப் பட்டியலிலும் இல்லை. கரும்பலகையில் ஒருநாளும் வந்ததில்லை.

யார்டில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவனுக்கு வீட்டில் அவசரம் என்றால், முன்னால் இருக்கிற ஒருவன் தன் இடத்தை அவனுக்குக் கொடுப்பான். கொடுத்தவன் சும்மா வழிவிட்டு நிற்கமாட்டான். வாங்கியவனுடைய இடத்துக்குத் தான் போய் நிற்பான். அப்போதுதான் நடுவில் நிற்கிறவர்கள் யாருக்கும் ஒரு இடம்கூடக் குறையாது. இன்னொன்றும் உண்டு. இடத்தை யாரும் கேட்டு வாங்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவன் தெரிந்துகொண்டு கொடுக்கவேண்டும். கேட்டுவிட்டால் மறுக்கமுடியாமல் போய்விடும், மறுக்கமுடியாதபடி ஒருவனை நிறுத்துவது மரியாதை இல்லை என்று எண்ணம். துறைமுகத்துக்குத் தெரிந்தால் ஏதாவது சொல்வார்கள் என்பதால் யாரும் இதை வெளியில் பேசுவதில்லை. சுப்பராயன் கேட்டுக்கொண்டதால் டோரதி அவர் டேப்லெட்டில் மட்டும் இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். ஒரு வண்டியின் நம்பரை அழுத்திப் பிடித்து இன்னொன்றின் மேல் இழுத்துவிட்டால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். அந்த வசதிக்குப் பெயரே வைக்கவில்லை. பெயர் இல்லாததால் பட்டியலிலும் ஏறவில்லை, அவளும் மறந்துபோனாள்.

இரண்டு வண்டி இடம் மாறினால் இரண்டு வரி மாறும்.

சனிக்கிழமை காலை டோரதி ஆண்ட்ரூவுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆறு முப்பத்திரண்டுக்கு சுப்பராயனிடமிருந்து போன் வந்தது.

"டோரதிம்மா, இன்னாம்மா பண்ணி வெச்சிக்கீற? வண்டிய மாத்தினா மாட்டேங்குது. 'இந்த மாற்றம் இரண்டு வரிகளைத் தொடுகிறது, அனுமதி ஒன்று, எதுவும் மாற்றப்படவில்லை'ன்னு எளுதி வருது. மூணு தபா பாத்துட்டேன்."

அவள் கையால் எழுதிய செய்தியைத்தான் அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"யாரு இடத்த யாருக்குண்ணே மாத்துறீங்க?"

"வெள்ளத்துரை ஒம்பதுல கீறாரு. பாஸ்கல் நூத்தி நாப்பத்தி மூணு. பாஸ்கலு பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரில இருக்கணும்மா. கொளந்தைக்கு."

விஷயம் இதுதான். பாஸ்கலுக்கும் ஃபாத்திமாவுக்கும் ஒரே மகள், ஜெனி. மூன்றரை வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. மூன்று வாரத்துக்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்குள் ஒரு கருவி வைத்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். புண் ஆறட்டும் என்று விட்டுவைத்து, இந்தச் சனிக்கிழமை பதினோரு மணிக்கு வெளிக்கருவியை மாட்டி முதல்முதலாக ஓடவிடப் போகிறார்கள். குழந்தைக்கு அப்போதுதான் முதல் சத்தம் கேட்கும். யாராவது கூப்பிட்டுப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னபோது, அப்பாவே கூப்பிடட்டும் என்று ஃபாத்திமா முடிவு பண்ணியிருந்தாள். வாரத்தில் இரண்டு நாள்கூட வீட்டில் இல்லாத மனுஷன், இதிலாவது முதல் ஆளாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை நன்றாக நகரும் என்று பாஸ்கல் நம்பியிருந்தான். வரிசை நத்தையாக ஊர்ந்தது. நூற்று நாற்பத்து மூன்று என்றால் துறைமுகத்துக்குள் போகவே சாயங்காலம் ஆகும். வண்டியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அன்றைக்குள் பெட்டி கப்பலுக்குச் சேரவேண்டும். வாசல் அனுமதிச் சீட்டில் அவன் போட்டோதான் இருக்கிறது, வேறு ஆள் ஓட்ட முடியாது. ஆனாலும் அவன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கேட்கக் கூடாதே.

விடிந்ததும் டீ குடிக்கப் போன வெள்ளத்துரை, பாஸ்கலின் வண்டியைத் தாண்டும்போது உள்ளே பேச்சுக்குரல் கேட்டு நின்றார். பாஸ்கல் தனியாக உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பார்த்து, "ஜெனி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒருதரம் மெல்லமாக. ஒருதரம் பாட்டாக. "ஜெனிம்மா" என்று ஒருதரம். இருபது வருடமாக என்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திக் கரடுதட்டிப்போன தொண்டை அது, என்ன செய்தும் மிருதுவாக வரவில்லை. வெள்ளத்துரை கதவைத் தட்டி விஷயத்தைக் கறந்துவிட்டு நேராக சுப்பராயனிடம் போனார்.

மணி ஆறு முப்பத்தெட்டு. டோரதி அடுப்பை அணைத்துவிட்டு லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் திறந்தாள். ஆண்ட்ரூ தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

டேப்லெட்டில் கட்டுப்பாட்டை இரண்டாக மாற்றலாம். ஆனால் அந்த ஆப்பைத் திரும்பக் கட்டி, டேப்லெட்டில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். பழைய வெர்ஷனுக்கே திரும்பலாம். அதற்கும் அரை மணிக்கு மேல் ஆகும். மிச்சமிருந்தது ஒன்றுதான். அவளே தன் கையால் கட்டளை எழுதவேண்டும். ஐந்து வருடமாகத் தொடாத வேலை.

அதிலும் இரண்டு வண்டியையும் ஒரே கட்டளையில் மாற்றிவிட முடியும். இரண்டு வரி வரை தொடலாம் என்று சொல்லி அனுப்பினால் போதும். ஆனால் அவசரத்தில் அப்படி ஒன்றைப் புதிதாக எழுதித்தானே அன்று எல்லோரையும் நடுத்தெருவில் நிறுத்தினாள்? வேண்டாம் என்று முடிவு செய்தாள். ஒவ்வொன்றாக, ஒரு தடவைக்கு ஒரு வரி, அதற்கு மேல் தொடாதே என்று தன் கட்டளைக்கும் அதே கட்டுப்பாட்டைப் போட்டு அனுப்புவாள். தப்பினாலும் ஒரு வண்டியோடு போகும்.

அந்த ஒரு வண்டி எது என்பதில்தான் சிக்கல். ஒரே இடத்தில் இரண்டு வண்டி நிற்க டேட்டாபேஸ் ஒத்துக்கொள்ளாது. இரண்டு அடுப்பில் இருக்கும் இரண்டு குண்டானை மாற்றிவைக்க வேண்டுமென்றால் ஒன்றை முதலில் கீழே இறக்கித்தானே ஆகவேண்டும்? முதலில் வெள்ளத்துரையை ஒன்பதிலிருந்து எடுத்து, வரிசையின் கடைக்கோடியில், முந்நூற்று எண்பத்தொன்பதில் நிறுத்தவேண்டும். பிறகு பாஸ்கலை ஒன்பதுக்குக் கொண்டுவரவேண்டும். அதன்பின் காலியான நூற்று நாற்பத்து மூன்றுக்கு வெள்ளத்துரையைக் கொண்டுவரவேண்டும். நடுவில் மணி ஏழானால் பட்டியல் பூட்டிக்கொள்ளும். வெள்ளத்துரை கடைக்கோடியிலேயே மாட்டிக்கொள்வார். செவ்வாய்க்கிழமை வரை யார்டில் கிடக்கவேண்டியதுதான்.

"அண்ணன்கிட்ட போனக் குடுங்க" என்றாள். வெள்ளத்துரை வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. "கொஞ்ச நேரம் உங்கள கடைசிக்குத் தள்ளப்போறேண்ணே. திருப்பிக் கொண்டாந்து வெப்பேன்னு நெனக்கிறேன். சத்தியமா சொல்ல முடியல."

ஐம்பத்தைந்து வயது வெள்ளத்துரை, சாத்தான்குளத்துப் பக்கம். எதற்கும் பதற்றப்படமாட்டார்.

"என்னம்மா டோரதி, பெரிய விசயமா இது? நான் கொண்டு போறது காலிப் பெட்டி. இன்னைக்குப் போனா என்ன, செவ்வாக்கிழம போனா என்ன? அந்தப் பய காலையில இருந்து ஸ்டியரிங்க போட்டு ஜெனி ஜெனிங்கான். நீ தள்ளி விடு, நான் பாத்துக்கிடுதேன்."

டோரதி சிலுவை போட்டுக்கொண்டாள். முதல் கட்டளையை எழுதினாள். எந்த வண்டி என்பதை முதலில் எழுதி, பிறகுதான் எங்கே என்பதை எழுதினாள். ஒரு வரிக்கு மேல் கூடாது என்று சேர்த்தாள். வாய்விட்டு ஒருமுறை படித்தாள். ஆண்ட்ரூ எழுந்து வந்து அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுத்தினாள்.

ஒரு வரி மாற்றப்பட்டது.

"ஏம்மா, போன்ல முன்னூத்தி எம்பத்தி ஒம்போதுன்னு காட்டுது" என்று அந்தப் பக்கம் வெள்ளத்துரை சிரித்தார். "இம்புட்டு கடைசியில நான் பள்ளிக்கூடத்துலகூட இருந்ததில்ல."

மணி ஆறு ஐம்பத்தொன்று. இரண்டாவது கட்டளையை எழுதினாள். பாஸ்கலின் வண்டி நம்பர் அவளுக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தாள். அழுத்தினாள்.

எந்த வரியும் மாறவில்லை.

ஒன்பதில் யாரும் இல்லை. வெள்ளத்துரை கடைசியில். பாஸ்கல் நின்ற இடத்திலேயே. எல்லோரையும் அந்தரத்தில் விட்டுவிட்டேன் என்று நினைத்தாள். ஆண்ட்ரூ குனிந்து திரையைப் பார்த்துவிட்டு, "கீள எதோ கேக்குது பாரு, படி" என்றான். அப்படி ஒரு வண்டி இல்லை, நீங்கள் சொல்வது இதுவா என்று கேட்டு, கடைசி இரண்டு எண்கள் இடம் மாறிய ஒரு நம்பரைக் காட்டியது. அப்போதும் அவள் நம்பவில்லை. யந்திரம் சொல்கிறது என்பதற்காக ஒருத்தன் வண்டியை நகர்த்துவதா?

"அண்ணே, பாஸ்கல் வண்டிகிட்டப் போயி நம்பரப் படிங்க. ஒவ்வொண்ணா."

வெள்ளத்துரை ஓடுவது போனில் கேட்டது. செருப்புச் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம். பிறகு பிளேட்டின் முன்னால் நின்று ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். திரையில் இருந்ததேதான். டோரதி திருத்தி எழுதி அழுத்தினாள். ஒரு வரி. மூன்றாவதை எழுதினாள். மறுபடியும் வாய்விட்டுப் படித்தாள். அழுத்தினாள். ஒரு வரி.

ஆறு ஐம்பத்தெட்டு. ஒன்பதில் பாஸ்கல். நூற்று நாற்பத்து மூன்றில் வெள்ளத்துரை. மற்ற முந்நூற்று எண்பத்தாறு பேரும் அவரவர் இடத்தில். முழுப் பட்டியலையும் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தாள். ஏழுக்குப் பட்டியல் வாசலுக்குப் போனது. ஆண்ட்ரூ ஆறிப்போன தோசையைப் பிய்த்து அவள் வாயில் வைத்தான். மென்றுகொண்டே அழுதாள்.

எட்டே காலுக்கு பாஸ்கல் துறைமுகத்துக்குள் போனதாகத் தகவல் வந்தது. டோரதி அன்று விடுமுறை என்று பார்க்கவில்லை, ஆபீஸுக்குப் போய் இடம் மாற்றுகிற வேலைக்கு மட்டும் இரண்டு வரி என்று திருத்தினாள். அந்த வசதிக்கு ஒரு பெயரும் வைத்தாள். இடம் கொடுத்தல். சோதனைப் பட்டியலில் முப்பத்திரண்டாவதாக எழுதினாள். வெளியில் தெரிந்தால் தெரியட்டும், எழுதி வைக்காதது மறந்துபோகும் என்று தோன்றியது. ஒன்பதே முக்காலுக்கு பாஸ்கல் வெளியே வந்து, காலி டிரெய்லரை யார்டில் விட்டுவிட்டு, சுப்பராயனின் பைக்கை வாங்கிக்கொண்டு பறந்தான் என்று கேள்விப்பட்டாள். ராயபுரம் பாலத்தில் நெரிசல் என்றும் கேள்விப்பட்டாள்.

பத்தரைக்கு டேப்லெட்டில் புதிய ஆப்பை ஏற்ற யார்டுக்குப் போனாள். வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் கிளம்பவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். வெள்ளத்துரையும் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் மேசையில் கிடந்த அவள் போனைப் பார்த்தபடி இருந்தார்கள். பதினொன்று ஆயிற்று. பதினொன்று பத்து. வெள்ளத்துரை இரண்டாவது டீயைச் சொல்லிவிட்டுக் குடிக்காமல் வைத்திருந்தார்.

"போயிச் சேந்திருப்பாம்லா?" என்றார்.

"சேந்திருப்பாண்ணே."

"போன்கூட பண்ணல பாத்தியா."

"பண்ணுவாண்ணே."

டோரதிக்கு அழவேண்டும்போல இருந்தது. யாரோ பெற்ற பிள்ளை, இதுவரை பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் காது திறக்கும் நேரத்தில் அப்பன் பாலத்தின் மேல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றிருந்தால், அவள் ஆயுசுக்கும் தன்னை மன்னித்துக்கொள்ளமாட்டாள். இன்னொரு மக்ரூன் டப்பாவை வாங்கிக்கொள்ள அவளிடம் தெம்பு இல்லை.

பதினொன்று இருபத்தாறுக்குப் போன் அடித்தது. பாஸ்கல். எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

முதலில் பாஸ்கலின் குரல் வரவில்லை. ஒரு குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம்தான் வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா" என்றான் பாஸ்கல். மூச்சு வாங்கியது. "கரீட்டா வந்துட்டேன்க்கா. நாந்தான் கூப்ட்டேன். ஜெனின்னு ஒரே தபா கூப்ட்டேன். திரும்பிப் பாத்துச்சிக்கா. பாத்துட்டு அளுவுது. என் கொரலக் கேட்டு அளுவுதுக்கா."

"பயந்துட்டுதாலே?" என்று கத்தினார் வெள்ளத்துரை.

"பயந்துருச்சிண்ணே" என்றான் பாஸ்கல். அவனும் அழுதுகொண்டிருந்தான். இத்தனை சந்தோஷமாக யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி டோரதி கேட்டதில்லை. வெள்ளத்துரை முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார்.

திடீரென்று அழுகை நின்றது.

"இன்னா ஆச்சி?" என்று டோரதி பதறினாள். "பாஸ்கலு, இன்னா ஆச்சி? மிசினு நின்னு போச்சா?"

பிறகு ஃபாத்திமாவின் குரல், கிசுகிசுப்பாக, போனுக்கு வெகு அருகில் கேட்டது.

"இல்லக்கா. அது அளுவுறது அதுக்கே கேட்டுடுச்சி. யாரு அளுவுறாங்கன்னு சுத்தி சுத்திப் பாக்குது."

டீக்கடையில் எல்லோரும் போனைச் சுற்றிக் குனிந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து போனுக்குள் ஜெனி மறுபடியும் அழுதாள், இந்தத் தடவை சின்னதாக, ஒருமுறை அழுதுவிட்டு நிறுத்தி, கேட்டுப் பார்த்து, திரும்ப ஒருமுறை.